சட்டமும் சிற்றூரும்: நெய்வேலி தரும் பாடம்

நெய்வேலி நகரியத்துள் நுழைவோர் அதன் ஒழுங்கைக் கண்டு மகிழ்வர். எண்ணிட்ட வட்டங்கள், நேரிய சாலைகள், மரநிழல் யாவும் முன்னரே திட்டமிட்டு அமைக்கப்பெற்றவை. 1957 மே 20ஆம் நாள் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். ஆயின் பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் நீர் மிகுந்த அழுத்தத்துடன் நிற்கிறது. அதனை இரவும் பகலும் இறைத்தாலன்றி நிலக்கரியை வெட்ட இயலாது. வரைபடத்தில் சுரங்கத்துக்கு எல்லை உண்டு. நிலத்தடி நீருக்கு அவ்வெல்லை இல்லை. ஆகவே சுற்றியுள்ள சிற்றூர்களும் சட்டத்தின் காவலை நாடுகின்றன.

அக்காவல் எவ்வாறு இயங்குகிறது? 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2006இல் வெளியான அறிவிக்கை, பெரிய சுரங்கங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்கிறது. திட்ட அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் தருதல் வேண்டும். மக்கள் கருத்துரைக்கக் குறைந்தது 30 நாள் அளித்து, அதன்பின் பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெறும். ஆயினும் இக்கூட்டத்திற்குக் குறைந்த அளவு வருகை இவ்வளவு என்ற விதி இல்லை. நாம் வாராதொழிந்தாலும் கூட்டம் நடந்ததாகவே கொள்ளப்படும்!

நிலப் பயன்பாட்டுச் சட்டத்திற்கும் வரம்பு உண்டு. 2020ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் கடலூர் மாவட்டத்தின் 5 ஒன்றியங்கள் இடம்பெற்றன. சுரங்கத்தை ஒட்டிய கம்மாபுரம் ஒன்றியம் இடம்பெறவில்லை. முன்பே நடைபெறும் திட்டங்களை அச்சட்டம் தடுப்பதுமில்லை.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நிகழ்ந்தது நம் நெஞ்சை விட்டகலாது. பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்திய நிலத்தில் உழவர் தொடர்ந்து பயிரிட்டு வந்தனர். கால்வாய் வெட்டும்பொருட்டு நின்ற பயிர் அழிக்கப்பட்டது. ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. சட்டம் வந்தது, ஆனால் பயிர் அழிந்த பின்னரே வந்தது.

முன்கூட்டியே செயற்படுதல் எங்ஙனம்? முதலாவதாக, திட்டச் சுருக்கத்தைக் கிராம சபையில் உரக்கப் படித்து, கிணறுகளின் நீர்மட்டத்தையும் பயிர் விவரத்தையும் குறித்துக்கொண்டு, கருத்துகளை எழுத்து மூலம் அளித்தல் வேண்டும். இரண்டாவதாக, கேட்புக் கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் படித்துக்காட்ட வேண்டும் என்பது விதி. நாம் கூறியது அதில் உள்ளதா என அங்கேயே சரிபார்த்தல் நன்று. மூன்றாவதாக, அனுமதிக் கடிதத்தின் படி பஞ்சாயத்துக்கு வரும்; அதை 30 நாள் மக்கள் பார்வைக்கு வைப்பது நமது கடமை. அதிலுள்ள நிபந்தனைகள் நிறைவேறினவா என்பதை ஆறு மாதத்திற்கொரு முறை வரும் அறிக்கை காட்டும்.

அக்கடிதம் அலமாரியில் உறங்குமாயின் குறை சட்டத்தினுடையது மட்டுமன்று, நம்முடையதும் ஆகும்.