உண்ணி இருப்பது நாய் மேல் மட்டும்தானா?

நம்ம சித்தையன்கோட்டையில் நாய் இல்லாத தெரு இல்லை. நாய் இருந்தால் உண்ணியும் இருக்கும். பின்னங்காலால் காதைப் பரபரவென்று சொறிகிற நாயைப் பார்த்தால், "வேப்பெண்ணெயைத் தடவு, சரியாப் போயிரும்" என்பார்கள். தடவுகிறோம். கொஞ்ச நாள் கழித்து அதே காதில் மறுபடியும் உண்ணி. ஏன்?

உண்ணி பூச்சி இனமே கிடையாது. சிலந்திக்கும் தேளுக்கும் சொந்தம். பூச்சிக்கு ஆறு கால், உண்ணிக்கு எட்டு. (குஞ்சாக இருக்கும்போது மட்டும் ஆறு. பரீட்சையில் கேட்டால் ஏமாந்துடாதீங்க!) குஞ்சு, இளம் உண்ணி, பெரிய உண்ணி என்று மூன்று பருவம். ஒவ்வொரு பருவத்திலும் நாய் மேல் ஏறி வயிறு முட்ட ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்துவிடும். தோல் உரிப்பதும் முட்டை போடுவதும் சுவர் வெடிப்பில், நாய் படுக்கிற சாக்கின் அடியில். நாய் கிடைக்காவிட்டாலும் பெரிய உண்ணி பட்டினியாகவே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

எங்க மணி மேலிருந்து விழுந்த ஒரு உண்ணியை மாத்திரை டப்பாவில் அடைத்து வைத்தேன். கொட்டமுத்து மாதிரி உப்பி, சாம்பல் நிறத்தில் இருந்தது. ஒரு வாரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் கசகசாவை விடச் சின்னதாகப் பழுப்பு முட்டைகள். நாளுக்கு நாள் குவிந்து தாயையே மூடிவிட்டது. எண்ண ஆரம்பித்து இருநூறோடு விட்டுவிட்டேன். ஒரு உண்ணி ஆயிரக்கணக்கில் போடுமாம். போட்டு முடித்ததும் தாய் செத்துப்போகும். அப்பத்தா சத்தம் போட்டதால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி அழித்தேன். இத்தனையும் வீட்டு வெடிப்புக்குள் இருந்தால் நாய்க்கு மட்டும் எண்ணெய் தடவி என்ன பிரயோஜனம்?

அதனால் முதல் வைத்தியம் சாக்குக்குத்தான். வாரம் ஒரு தடவை கொதிதண்ணீரில் முக்கி வெயிலில் காயப்போட வேண்டும். வெடிப்பைச் சிமெண்டு வைத்து அடைக்க வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் மாட்டு உண்ணிக்கு ஒரு மூலிகைக் கரைசல் சொல்லியிருக்கிறது. பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை எல்லாம் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கி வடிகட்டுவது. அதை மாட்டின் மேல் மட்டுமல்ல, தொழுவத்து வெடிப்பிலும் தெளிக்கச் சொல்கிறார்கள். நம்ம வீட்டுச் சுவருக்கும் அதைத் தெளிக்கலாம். ஆனால் நாய் மேல் ஊற்றக் கூடாது என்பது என் கருத்து. நாய் உடம்பு முழுக்க நக்கும். பூண்டு வயிற்றுக்குள் போனால் நாயின் சிவப்பணுக்கள் உடையும். உண்ணிச்செடி இலை தின்ற மாட்டுக்கே ஈரல் கெட்டுப்போகும்.

நாய்க்கு, ஒரு ஸ்பூன் வேப்பெண்ணெயைப் பத்து ஸ்பூன் தேங்காய் எண்ணெயில் கலந்து லேசாகத் தடவலாம். கண்ணிலும் புண்ணிலும் படக் கூடாது. கடித்துக்கொண்டிருக்கிற உண்ணியை இது உடனே கொல்லாது, புதுசாக ஏறுவதைத்தான் குறைக்கும். ஏற்கனவே ஒட்டியிருப்பதைச் சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நகத்தில் வைத்து நசுக்காதீர்கள். தீக்குச்சியால் சுடாதீர்கள்.

சிலர் மண்ணெண்ணெய் தடவுவார்கள். தோல் வெந்துவிடும். அதைவிட மோசம் புகையிலைத் தண்ணீர். திண்டுக்கல் என்றால் பூட்டு, அடுத்தது சுருட்டு. வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை விளைவதால் நம்ம வட்டாரத்தில் இது சுலபமாகக் கிடைக்கும். அதிலுள்ள நிக்கோட்டின் உண்ணியைக் கொல்லும், வாஸ்தவம்தான். தோல் வழியாகவே உள்ளே இறங்கி நாயையும் கொல்லும்.

முடி கொட்டி, தோல் தடித்து நாறினால் அது உண்ணி அல்ல, சொறி. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி தோலைத் துளைத்து உள்ளே இருக்கும். அதில் ஒரு வகை நமக்கும் தொற்றி அரிக்கும். அதற்கு எண்ணெய் போதாது, மருத்துவர் எடை பார்த்துத் தருகிற மருந்துதான்.

உண்ணி மூலம் பபேசியா, எர்லிச்சியா என்ற கிருமிகளும் நாயின் ரத்தத்தில் ஏறும். உண்ணி எடுத்து முடித்ததும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருப்பதுதான் இயல்பு. வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, சோறு தின்னாமல் சுருண்டு படுத்தாலோ எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி