உருவம் கரையலாம், தொலையக் கூடாது

பேனாவும் மையுமாக, பாதி உருவம் பாதி அரூபம் என்று வரையத் தொடங்கும் பிள்ளைகளுக்குச் சில சொற்கள்.

1. முதலில் உடலைப் படியுங்கள். பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, முதுகு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து வரையுங்கள். வரைய வராததை அரூபம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கோடு காட்டிக் கொடுத்துவிடும்.

2. ஓவியர் ஆதிமூலத்தைப் பாருங்கள். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களில் கோடுகள் தம் போக்கில் ஓடுவதுபோல் இருக்கும். ஆனாலும் காந்தி என்பதில் ஐயமே வராது. ஆளின் சாயல் கைக்கு வந்தபிறகு கிடைத்த சுதந்திரம் அது.

3. பிக்காசோ 1945 டிசம்பரில் தொடங்கி ஒரே காளையை 11 நிலைகளில் கல்லச்சில் செய்தார். சதையும் தசையுமாக இருந்த மாடு, கடைசியில் சில கோடுகளாக மெலிந்துவிடும். அப்போதும் அது காளைதான். உங்கள் படத்தையும் மெல்லிய தாள் வைத்துத் திரும்பத் திரும்ப வரையுங்கள். ஒவ்வொரு முறையும் எதையாவது விடுங்கள். ஆள் அடையாளம் போய்விட்டால் ஒரு படி பின்வாங்குங்கள். உங்கள் எல்லை அங்கே இருக்கிறது.

4. மை தொடுவதற்கு முன்பே, எதை விடக்கூடாது என்று முடிவு செய்யுங்கள். ஒரு கண்ணோ, ஊன்றிய கையோ, கழுத்தின் வளைவோ போதும். அது உறுதியாக நின்றால் மற்றவை எப்படியும் சிதறலாம்.

5. புது நிப்பின் மேல் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். துடைக்காமல் தொட்டால் மை பிடிக்காது. பெரும்பாலான இந்தியன் இங்கில் அரக்கு கலந்திருப்பதால் காய்ந்தால் இறுகிவிடும். வரையும்போதே நிப்பை அடிக்கடி கழுவுங்கள். அந்த மையை ஃபவுண்டன் பேனாவில் ஊற்றாதீர்கள்; அடைத்துக்கொள்ளும்.

6. குறுக்குக் கோடு போட, முதல் அடுக்கு காயும்வரை பொறுங்கள். ஈரத்தின் மேல் நிப்பு ஓடினால் தாள் பிசிறும். தசை திரும்பும் பக்கமே கோடும் திரும்பட்டும். வெளிக்கோடு இல்லாமலே உடல் திரண்டு வரும்.

7. மை சிந்தினால் உடனே தாளைக் கிழிக்காதீர்கள். அந்தக் கறை நிழலாகுமா, கூந்தலாகுமா என்று பாருங்கள். ஆகவில்லையென்றால் கிழிக்கலாம். எல்லா விபத்தும் கலையாகிவிடாது.

8. அவ்வப்போது படத்தைத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். முகம் மறைந்து கறுப்பும் வெளுப்பும் மட்டும் தெரியும். ஒரு பக்கம் கனத்தால் அங்கே மேலும் மை வைக்காதீர்கள். வெற்றுத் தாளும் படத்தில் சேர்ந்ததுதான்.

9. எங்கே நிறுத்துவது என்று எல்லோரும் கேட்கிறீர்கள். அடுத்த கோடு எதற்கு என்று சொல்ல முடியாதபோது பேனாவைக் கீழே வையுங்கள். ரப்பர் வைத்து அழிக்க இது பென்சில் இல்லை.