அயிலையும் இறாலும்: ஒரே ஹிஸ்டமின், இரண்டு வழிகள்

நான் அறிவியல் கற்பிக்கும் கடியப்பட்டணத்தில் மீன் இல்லாத சாப்பாடு அரிது. ஆனாலும் "அயிலை எனக்கு ஒத்துக்காது", "இறால் தின்னா உடம்பு தடிக்கும்" என்று சொல்லும் மாணவர் ஓரிருவர் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். இரண்டையும் 'அலர்ஜி' என்ற ஒரே சொல்லில் நாம் அடக்கிவிடுகிறோம். இரண்டிலும் தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்குவதில் முதன்மையானது ஹிஸ்டமின்தான். ஆனால் அது வரும் வழி வேறாக இருக்கலாம். இந்த வேறுபாட்டைக் கால்சியம் அயனியைக் கொண்டு எளிதாக விளக்கலாம்.

மாஸ்ட் செல்லின் உள்ளே

தோல், மூச்சுப்பாதை, குடல்சுவர் ஆகியவற்றில் மாஸ்ட் செல்கள் உள்ளன. இவற்றின் நுண்பைகளில் ஹிஸ்டமின் அடைபட்டிருக்கிறது. செல்லின் மேற்பரப்பில் ஐஜிஇ எனும் எதிர்ப்பொருள்கள் பொருந்தியிருக்கும். இறாலின் முதன்மையான ஒவ்வாமைப் பொருள் ட்ரோப்போமையோசின் என்பதைப் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் பி.வி. சுப்பா ராவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்டனர். தசைச் சுருக்கப் பாடத்தில் நாம் நடத்தும் அதே புரதத்தின் இறால் வடிவம் அது.

ஒவ்வாமை உள்ளவர் இறால் உண்டதும் அப்புரதம் அடுத்தடுத்த ஐஜிஇ மூலக்கூறுகளை இணைக்கிறது. உடனே செல்லுக்குள் ஐபி3 என்ற தூது மூலக்கூறு உருவாகி, எண்டோபிளாச வலையில் சேமித்து வைத்த கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. சேமிப்பு குறைவதை ஸ்டிம்1 என்ற புரதம் உணர்ந்து, செல்சவ்வில் உள்ள ஓராய்1 என்ற கால்வாயைத் திறக்கிறது. வெளியிலிருந்து கால்சியம் பாய்கிறது. நுண்பைகள் செல்சவ்வோடு இணைந்து ஹிஸ்டமினை வெளியே கொட்டுகின்றன.

அமைதியான செல்லுக்குள் இருக்கும் கட்டற்ற கால்சியத்தின் செறிவைப் போல வெளியில் ஏறத்தாழ 10,000 மடங்கு உள்ளது. ஒரே ஓர் அரிசியை ஒரு தட்டிலும் கால் கிலோ அரிசியை மற்றொரு தட்டிலும் வைத்துக் காட்டுங்கள். கதவு திறந்தால் ஏன் கால்சியம் உள்ளே பாய்கிறது என்பது மாணவருக்கு உடனே விளங்கும்.

இரண்டு சோதனைகள்

கால்சியம்தான் கட்டளை என்பது எப்படித் தெரிந்தது? 1958இல் மோங்கர், ஷில்டு இருவரும் கினிப்பன்றியின் நுரையீரல் திசுவில் சோதித்தனர். கரைசலில் கால்சியம் இல்லாதபோது ஹிஸ்டமின் வெளியேற்றம் தடைபட்டது. 1973இல் ஃபோர்மன், மோங்கர், காம்பர்ட்ஸ் ஆகியோர் கால்சியத்தைச் சவ்வின் வழியே உள்ளே கொண்டுசெல்லும் ஒரு பொருளைப் பயன்படுத்தினர். ஒவ்வாமைப் பொருள் இல்லாமலேயே ஹிஸ்டமின் வெளிவந்தது. முதல் சோதனை 'இது இல்லாமல் நடக்காது' என்கிறது. இரண்டாவது 'இது இருந்தாலே நடக்கும்' என்கிறது. காரணத்தை நிறுவ இரண்டும் ஏன் வேண்டும் என்று மாணவரிடம் கேட்கலாம்.

"அப்படியானால் பால் குடித்தால் ஒவ்வாமை கூடுமா?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். கூடாது. இரத்தத்தின் கால்சிய அளவை ஹார்மோன்கள் சீராக வைத்திருக்கின்றன. கால்சியம் வெளியே எப்போதும் இருக்கிறது. கதவு திறப்பதுதான் சிக்கல்.

கால்சியக் கதவு வேண்டாத வழி

அயிலை, சூரை, சாளை போன்ற மீன்களின் தசையில் ஹிஸ்டிடின் எனும் அமினோ அமிலம் மிகுதி. பிடித்த மீனை ஐஸில் வைக்கத் தாமதமானால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அதை உண்டவருக்கு முகம் சிவத்தல், தலைவலி, தடிப்பு, வாந்தி ஆகியவை வரலாம். இங்கே ஹிஸ்டமின் மீனிலேயே தயாராக வருகிறது. மாஸ்ட் செல்லின் கதவு திறக்க வேண்டியதில்லை. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக் கூடாது என்பது கோடெக்ஸ் எனும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் வரம்பு.

வேறுபடுத்த ஒரு குறிப்பு உண்டு. ஒரே மீனை உண்ட பலருக்கும் அறிகுறி வந்தால் மீன் கெட்டிருக்க வாய்ப்பு மிகுதி. ஒருவருக்கு மட்டும், அதே உணவை உண்ணும்போதெல்லாம் வந்தால் ஒவ்வாமையை ஐயுறலாம். முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

ஆசிரியர் கவனத்திற்கு

இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு குழந்தைக்கு வாழ்நாள் முழுவதும் மீனை மறுப்பதும் தவறு. "சும்மா ஒரு துண்டு தின்னு பார்" என்று இறால் ஒவ்வாமை உள்ள குழந்தையை வற்புறுத்துவது அதைவிட ஆபத்து. எந்த மீன், எப்போது, உடன் உண்டவர் யார் யாருக்கு அறிகுறி என்று குறித்துப் பெற்றோர் வழியே மருத்துவரிடம் சேர்ப்பியுங்கள். மூச்சுத்திணறல், உதடு அல்லது நாக்கு வீக்கம், மயக்கம் தோன்றினால் வீட்டு மருந்துக்குக் காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள்.