நினைவிழந்தார் நெறியிழந்தாரோ?

நம் பௌர்ணமிக் கூட்டங்களில் வயது முதிர்ந்த உபாசகர் ஒருவர் திரிசரணத்தை நடுவில் மறந்து நிற்குங்கால், பின்வரிசையில் இருவகைப் பேச்சு எழக் கேட்கின்றோம். "முற்பிறவியின் வினை" என்பது ஒன்று. "சீலத்தையே மறந்தவர் பௌத்தர் ஆவரோ?" என்பது மற்றொன்று. இரண்டும் தம்மத்திற்கு முரண் என்பதே இப்பாடத்தின் பொருள்.

முதற்கண் மறதி இன்னதென அறிவோம். மூளையின் பல பகுதிகள் நரம்பிழைகளாற் பிணைக்கப்பட்டு ஒன்றோடொன்று செய்தி பரிமாறித் தொழில் புரிகின்றன. நம் தீவுகளைக் கொண்டே இதனை விளக்கலாம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையால் நிக்கோபாரில் படகுத்துறைகள் சிதைந்தன. தீவு இருந்தது, மக்கள் இருந்தனர், கப்பல் அணைய இடமில்லை. மறதிநோயின் தொடக்கமும் ஏறத்தாழ அவ்வாறே. நினைவு முற்றும் அழியுமுன்னரே வழி அறுபடத் தொடங்குகிறது.

2001ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் மார்க்கஸ் ரெய்க்கிளும் அவர்தம் குழுவினரும், நாம் வாளாவிருக்கும்போது ஊக்கமுடன் இயங்கும் மூளைப் பகுதிகளின் கூட்டம் ஒன்றை எடுத்துரைத்தனர். பழையன நினைத்தல், வருவன எண்ணுதல், 'நான்' எனத் தன்னைக் கருதுதல் ஆகியவற்றில் அக்கூட்டத்திற்குப் பங்குண்டு. ('நான்' என்பதும் காரணங்களாற் கட்டப்பட்டதே எனப் பகவன் உரைத்ததை அறிந்தோர் இங்கு நினைவுகூர்க.) நலமுடன் மூப்படைவோரிடத்தும் இப்பிணைப்பு ஓரளவு தளர்கின்றது. ஆகவே பெயரொன்று உடனே நாவில் வாராதது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அல்சைமர் நோயிலோ தளர்ச்சி மிகப் பெரிது. அமிலாய்டு, டௌ என்னும் புரதங்கள் திரள, நரம்பணுக்களும் மடிகின்றன. இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் நூற்றுக்கு 7.4 பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுற்றோர் என 2023இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இத்தனை பேரும் ஒரே தீவினையைச் செய்து பிறந்தவரோ?

மோலிய சீவகன் என்னும் துறவி பகவனிடம் இதனையே வினவினான். பித்தம், சிலேட்டுமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாற்றம், முறைகேடான பேணுகை, தாக்குறுதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களைப் பகவன் எண்ணிக் காட்டினார். வினை எட்டில் ஒன்றே. எல்லாம் முன்வினை என்போர் அறிந்ததற்கும் அப்பாற் செல்கின்றனர் என்றார். 'உன் பிறப்பு உன் வினை' என்று சொல்லியன்றோ நம் முன்னோரை ஊருக்குப் புறத்தே நிறுத்தினர்? அச்சொல்லை நாம் எடுத்து நோயாளிமேல் எறியலாமா? அன்றியும் தைராய்டு குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு இவற்றால் வரும் மறதி மருத்துவத்தாற் குறையக்கூடும். வினையென்று வாளாவிருந்தால் தீரக்கூடியதும் தீராது போம். முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

இனி இரண்டாம் பேச்சு. வினய நூலிற் கக்கர் என்னும் பிக்குவின் வரலாறு உள்ளது. சித்தம் கலங்கிய அவர் உபோசதத்தை ஒருகால் நினைப்பார், ஒருகால் மறப்பார். ஒருகால் வருவார், ஒருகால் வாரார். பகவன் அவரை விலக்கினாரில்லை. கக்கர் நினைப்பினும் மறப்பினும், வரினும் வாராவிடினும் சங்கம் உபோசதம் நடத்துக என்று தீர்மானம் செய்வித்தார். தெளிவுற்றபின், கலங்கிய காலத்துக் குற்றங்களைச் சொல்லி ஏனையோர் அவரைக் குடைந்தபோது, 'அமூள்ஹ வினயம்' என்னும் விடுவிப்பை வழங்கச் செய்தார். கக்கர் தெளிந்தார், அல்சைமர் நோயுற்றோர் அவ்வாறு தெளிவதில்லை. ஆயினும் விதியின் உட்பொருள் ஒன்றே. சேதனையே வினை, எண்ணும் ஆற்றல் குன்றியவர் மறதி சீலக்குற்றமாகாது.

நாம் செய்யக்கூடியது யாது? மறதிநோயில் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பங்கு தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடியதென்று 2024இல் லான்செட் குழுவினர் 14 காரணங்களைக் கூறினர். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகை, மிகுகுடி, தனிமை, செவிட்டுத்தன்மை ஆகியன அவற்றுட் சில. குடியைப் பற்றி ஐந்தாம் சீலம் உளது. செவியைப் பற்றி ஒரு சொல்: ஆலை இரைச்சலில் பல்லாண்டு நின்ற என் போன்றோர் செவியைச் சோதித்துக்கொள்க, கேட்கும் கருவி அணிவதில் நாணம் எதற்கு?

மொழியும் துணை செய்யும் போலும். ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி முதலியோர் 648 நோயாளரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டதன்படி, இருமொழி பேசுவோர்க்கு நோய் ஏறத்தாழ நாலரையாண்டு பிந்தியே வந்தது, எழுத்தறியாதோரிடத்தும் அவ்வாறே. கடைத்தெருவில் இந்தியும் வங்கமும், வீட்டிற் றமிழும் பேசும் நம் தீவினர் இதனைக் கவனிக்க.

ஆனால் பேச ஆள் வேண்டும். பெரிய அந்தமானியருள் 'போ' மொழியின் கடைசிப் பேச்சாளரான போவா மூதாட்டி 2010 ஜனவரி 26இல், ஏறத்தாழ 85 வயதில் மறைந்தார். தம் மொழி நினைவிருந்தும் அதிற் பேச எவருமின்றிப் பறவைகளோடு பேசினார் என மொழியறிஞர் அன்விதா அப்பி கூறியுள்ளார். நம் முதியோர்க்கு அத்தனிமை நேர வேண்டுவதில்லை. பண்ணோடு பழகிய சொற்கள் நோயுற்றோர் பலரிடத்தும் நெடுங்காலம் எஞ்சுகின்றன. ஆதலின் அடுத்த பௌர்ணமி முதல், மறக்கும் முதியவரின் அருகே இளைஞர் ஒருவரை அமர்த்துக. அவர் தடைப்படும்போது அடுத்த சொல்லை இளைஞர் மெல்ல எடுத்துக் கொடுப்பாராக, சபை காத்திருக்க.