பழைய மில்லிங் மிஷினைப் புதுப்பிக்கும் முன்

சித்தூரில் என் மைத்துனர் சிறு பட்டறை ஒன்று நடத்துகிறார். கையால் சுழற்றும் மில்லிங் மிஷினைச் சி.என்.சி. மிஷினாக மாற்ற, வீட்டு நகையை அடகு வைத்தார். வெளியாள் ஒருவர் சர்வோ மோட்டாரும் கண்ட்ரோலரும் பொருத்தித் தந்தார். திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. ஆனால் மேஜை திசை மாறி வரும்போதெல்லாம் துளை 0.2 மி.மீ. தள்ளி விழுந்தது. பன்னிரண்டு தகடுகள் வீணாயின. திருப்பதியிலிருந்து டயல் கேஜோடு போய்ப் பார்த்தேன். அங்கே கற்ற பாடத்தை, இதே எண்ணத்தில் இருக்கும் நம் சங்க அன்பர்களுக்குச் சொல்கிறேன்.

பழைய மிஷினை மாற்றுவது தவறல்ல. 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. செய்து காட்டிய முதல் எண்முறை மில்லிங் மிஷினே, சின்சினாட்டி கம்பெனி மிஷினை மாற்றியமைத்ததுதான்.

கண்ட்ரோலர் "10 மி.மீ. போ" என்கிறது. எவ்வளவு போயிற்று என்று என்கோடர் திருப்பிச் சொல்கிறது. வித்தியாசம் தீரும்வரை மோட்டார் சுழல்கிறது. இதுவே மூடிய சுற்று. ஆனால் என்கோடர் மோட்டார் தண்டில் இருந்தால், தண்டை மட்டுமே பார்க்கும், மேஜையைப் பார்க்காது. 2500 கோடுள்ள என்கோடர், நான்கு மடங்காக எண்ணும்போது சுற்றுக்கு 10,000 துடிப்பு தரும். சுற்றுக்கு 5 மி.மீ. நகரும் திருகில் ஒரு துடிப்பு 0.0005 மி.மீ.தான். எங்கள் மிஷினிலோ தேய்ந்த நட்டில் 0.2 மி.மீ. ஆட்டம்! அதில் 400 துடிப்புகள் கணக்கில்லாமல் போயின.

ஆகவே பொருள் வாங்கும் வரிசை இது:

1. திருகு. ஆட்டம் இல்லாதபடி முன்னழுத்தம் கொடுத்த பால் ஸ்குரூ.

2. மோட்டார். வெட்டுவிசை 2000 நியூட்டன், 5 மி.மீ. திருகு, 90 சதவீதத் திறன் என்றால் சுமார் 1.8 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை வேண்டும். உராய்வுக்கும் வேகமெடுக்கவும் இதற்கு மேல் கூட்டிக்கொள்ளுங்கள். 30 சதவீதத் திறனுள்ள பழைய திருகுக்கு இதைப்போல் மூன்று மடங்கு தேவை. மோட்டாரின் உச்ச அளவைப் பார்க்காதீர்கள்; தொடர்ந்து தரும் அளவைப் பாருங்கள்.

3. பிரேக். பால் ஸ்குரூ எளிதாக வழுக்கும். கரண்ட் போனால் செங்குத்து அச்சு தானே இறங்கி, கீழே இருக்கும் கையை நசுக்கும். அந்த அச்சுக்குப் பிரேக் உள்ள மோட்டாரே வேண்டும்.

4. லீனியர் ஸ்கேல். இது மேஜையையே அளக்கும். உராய்வால் திருகு மட்டும் 10 பாகை சூடேறினால், 500 மி.மீ. நீளத்தில் சுமார் 0.06 மி.மீ. நீளும்; அதையும் கண்டுகொள்ளும். ஆனால் ஆட்டமுள்ள மிஷினில் இதைப் பொருத்தினால், மோட்டார் முன்னும் பின்னுமாகத் தேடித் தடுமாறும்.

கண்ட்ரோலரைக் கடைசியாக வாங்குங்கள்.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. மேஜையில் டயல் கேஜை வைத்து, கைப்பிடியை ஒரு பக்கம் சுழற்றிப் பின் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். முள் அசையும்வரை கைப்பிடி எவ்வளவு வெறுமனே சுற்றுகிறதோ, அதுவே உங்கள் மிஷினின் ஆட்டம்.

மைத்துனர் பிறகு பால் ஸ்குரூ மாற்றினார். நகை இன்னும் மீளவில்லை. தகடு வீணாவது நின்றுவிட்டது.