ஐம்பதுகளின் முன்ஹோல்

"நடுநூற்றாண்டுப் பாணி" என்ற சொல் வீட்டலங்காரம் பற்றிப் பேசுவோரிடம் இப்போது அடிக்கடி அடிபடுகின்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்தது முதல் 1960களின் இறுதி வரை எழுந்த வீடுகளையும் தளபாடங்களையும் அது குறிக்கும். இப்பெயரைப் பரப்பியது காரா கிரீன்பேர்க் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1984இல் வெளியிட்ட நூலாகும். அந்த அறைகளில் வாழ்ந்த நம் உம்மும்மாமாருக்கு இப்படியொரு பெயர் இருப்பதே தெரியாது.

ஓர் அறையை அந்தப் பாணிக்கு மாற்ற நினைப்பவர்கள் முதலில் படங்களைத்தான் தேடுகிறார்கள். வளைத்த ஒட்டுப்பலகையில் செய்த அமெரிக்கக் கதிரையும் சாய்ந்த கால்களுடைய டென்மார்க் மேசையும் வருகின்றன. அழகானவைதாம். ஆனால் அவற்றின் போலிகளைப் பதுளையில் வாங்கி அடுக்கினால் அது தளபாடக் கடையின் முன்பக்கம் போலிருக்குமே தவிர, நம் ஊரின் ஐம்பதுகள் ஆகாது.

நம் நாட்டில் அக்காலம் வேறு வழியாக வந்தது. பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தில் 1948இல் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் மினெற் டி சில்வா. கண்டியில் அவர் 1951இல் கட்டி முடித்த கருணாரத்ன இல்லத்தில் தும்பறைப் பாய் நெசவுக்கும் உள்ளூர்க் கைவினைஞரின் சுட்ட களிமண் வேலைக்கும் இடம் கொடுத்தார். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி தட்டுப்பட்டு இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, கட்டடக் கலைஞர்கள் நம் நாட்டுக் கல், மரம், ஓடு ஆகியவற்றை இன்னும் அதிகமாக நாடினார்கள். அக்காலத்தில் ஜெப்ரி பாவா வடிவமைத்த நல்லாயன் கன்னியர் மடத்துச் சிற்றாலயம் எங்கள் மாவட்டத்துப் பண்டாரவளையிலேயே இருக்கிறது. அதைப் பார்க்கக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை.

கொழும்பில் எனா டி சில்வாவுக்காகப் பாவா கட்டிய வீட்டின் கதை இன்னும் பயனுள்ளது. 1962இல் முடிந்த அந்த வீடு இருந்த காணி கைமாறியபோது, 2009இல் அதன் பாகங்களுக்கு இலக்கமிட்டுக் கழற்றி, பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கையில் மீண்டும் பொருத்தினார்கள். புதிதாக எதையும் வாங்குமுன் இருப்பதைக் கணக்கெடுக்கும் முறை அது. எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்து பார்த்தேன்.

மூத்தவாப்பா 1957இல் கட்டிய வீட்டின் முன்ஹோலை நானாவின் கலியாணத்துக்கு முன் புதுப்பிக்கப் போகிறார்கள். டைல் பதிக்க வேண்டும் என்பது வாப்பாவின் விருப்பம். தரையோ சிவப்பு ஒக்சைட் சீமெந்து. ஈரக் கலவையின் மேல் சிவப்புத் தூளையும் சீமெந்தையும் தூவி, சாந்தகப்பையால் அழுத்தித் தேய்த்து, நாட்கணக்கில் நனைத்து வைத்துச் செய்வது. அதன் பளபளப்பு மேசன் பாஸ் தந்ததல்ல. பிறகு மெழுகும் பொச்சுமட்டையுமாக மண்டியிட்டுத் தேய்த்த பெண்கள் தந்தது. உம்மும்மாவின் முழங்கால் வலி அந்தத் தரையின் வயதுதான். மங்கிய தரையில் அசிட் ஊற்றக்கூடாது, அது சீமெந்தையே அரித்துவிடும். மென்மையான சவர்க்கார நீரும் மெழுகும் போதும்.

சுவரில் ஒரு சல்லிக் காசளவு இடத்தை ஈரமாக்கி உப்புத்தாளால் மெல்லத் தேய்த்தால், மர வளையங்கள் போல ஒவ்வொரு காலத்து நிறமும் தெரியும். எங்கள் சுவரில் கிறீம், பச்சை, அடியில் நீலம் கலந்த சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சுவரைப் பிளாஸ்ரிக் பெயின்ற்றால் மூடினால் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு கொப்புளிக்கும். பழைய எண்ணெய்ப் பெயின்ற்றில் ஈயம் இருக்கலாம். உலரச் சுரண்டுவது ஆபத்து. அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடும் அக்காலத்து அசல் பொருள்தான், அதற்காக அதை அறுத்தோ துளைத்தோ விளையாட முடியாது.

ஆனால் பொருட்களைவிட அவை வைக்கப்பட்ட விதமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979இல்தான் வந்தது. அதற்கு முன் கதிரைகள் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எங்கள் ஹோலில் வானொலிப் பெட்டி மூலைத் தட்டில் இருந்தது. இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சஹனில் சாப்பிடும் நாட்களில் பாய் விரிக்க இடம் வேண்டுமென்பதால், இருவர் தூக்கி ஓரமாக வைக்கக்கூடிய பிரம்புக் கதிரைகளே வாங்கினார்களாம். இப்போதைய சோபாவை நகர்த்த நாலு பேர் வேண்டும்.

தரை பார்க்க வந்த மேசன் பாஸ் தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். நான் பழையதைக் காப்பாற்றப் பேசியதைக் கேட்டுவிட்டு, "தங்கச்சி, நீங்க பழச தேடுறீங்க. நாங்க லயத்துல பழசு போதும்னுதான் டைல் போட காசு சேக்குறோம்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஐம்பதுகளின் அறை என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவும்தான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட குடும்பங்கள் அதற்குள்தான் சமைத்தன, உறங்கின, பிள்ளை பெற்றன. அலங்கார நூல்களில் அந்த அறை இல்லை. அதை யாரும் மீட்டெடுக்க விரும்பாததும் நியாயமே.

வாப்பாவும் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். டைல் பேச்சு குசினியோடு நின்றுவிட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு என்று முடிவாயிற்று. நாலு பிரம்புக் கதிரைகள் பின்னக் கொடுக்கப்பட்டுள்ளன. தொலைக்காட்சியை எங்கே வைப்பது என்பதில் மட்டும் நானாவுக்கும் எனக்கும் இன்னும் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.