நிற்கும் வண்டியின் கிக்கரில் கால் வைக்கும் முன்

ஐப்பசி அடைமழை தொடங்கிவிட்டது. இனி டிசம்பர் முடியும்வரை காற்றில் ஈரம் குறையாது. வாசலிலோ அபார்ட்மெண்ட் பார்க்கிங்கிலோ மாதக்கணக்கில் ஓடாமல் ஒரு பைக் நின்றால் அதை இந்த வாரமே பாருங்கள். தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதால் பெயிண்ட் தப்பிக்கும். சிலிண்டருக்குள் பிடிக்கும் துருவை அது தடுக்காது.

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினை அணைக்கும்போது வால்வுகளில் ஒன்று திறந்தபடி நின்றுவிடலாம். எக்ஸாஸ்ட் வால்வு அப்படி நின்றால் சைலன்சர் வழியே ஈரக்காற்று நேராக உள்ளே போகும். ராத்திரிக் குளிரில் அது நீராகப் படியும். சுவரில் இருந்த ஆயில் சில மாதங்களில் வடிந்திருக்கும், மிஞ்சுவது வெறும் வார்ப்பிரும்பு ஸ்லீவ். பிஸ்டன் ரிங் தொட்டு நிற்கும் இடத்தில் துரு ஏறி, ரிங்கையும் சுவரையும் சேர்த்துக் கவ்விவிடும். மெக்கானிக்குகள் ‘ஜாம் ஆயிடுச்சு’ என்பது பெரும்பாலும் இதைத்தான்.

‘வாரம் ஒருதடவை ரெண்டு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வை’ என்பார்கள். என்னைக் கேட்டால், செய்யாமலே இருக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளிவரும். இன்ஜின் நன்றாகச் சூடாவதற்குள் அணைத்தால் அதில் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். ஓட்டுவதானால் அரை மணி நேரம் ஓட்டுங்கள்.

மழை முடியும்வரை நிறுத்திவைக்கப் போகிறீர்களா? அந்த ஓட்டத்துக்குப் பின் இன்ஜினை ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றி, இரண்டு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விடுங்கள். சாவியை எடுத்துவிட்டுக் கிக்கரை மெல்ல நாலைந்து முறை அமுக்கினால் சுவரெல்லாம் ஆயில் பரவும். பிறகு பிளக் ஓட்டையை விரலால் மூடிக்கொண்டு கிக்கரை அமுக்குங்கள். காற்று விரலைத் தள்ளும் கட்டம் வரும், அதுதான் கம்ப்ரஷன். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஓட்டையில் விட்ட பிளாஸ்டிக் ஸ்ட்ரா உச்சிக்கு ஏறியதும் நிறுத்துங்கள். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும். பிளக்கை மாட்டி, சைலன்சர் வாயில் துணியை அடைத்து, துணி இருப்பதை ஒரு சீட்டில் எழுதிச் சாவியில் கட்டுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி வேறு கதை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பைக்குகள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி நின்ற வண்டியில் செல்ஃபைத் தொடவே கூடாது. தண்ணீரை அமுக்கிச் சுருக்க முடியாது, கனெக்டிங் ராடுதான் வளையும். பேட்டரி வயரைக் கழற்றி, பிளக்கை எடுத்துவிட்டுக் கிக்கரை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வடிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. புது ஆயில் ஊற்றிக் கொஞ்சம் ஓட்டி, அதையும் மாற்ற வேண்டும்.

ஏற்கெனவே ஜாம் ஆன வண்டியில் கிக்கர்மேல் ஏறி மிதிக்காதீர்கள். ரிங் உடையும், உடைந்த துண்டு சுவரைக் கீறும். பிளக் ஓட்டை வழியே டபிள்யூடி-40 போன்ற துரு இளக்கியையோ, டீசலும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி கலந்ததையோ ஊற்றிக் குறைந்தது ஒரு நாள் விடுங்கள். பிறகு மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, டாப் கியர் போட்டு, பின்சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். அசையாவிட்டால் இன்னும் ஊற்றிக் காத்திருங்கள். வினிகர், ஆசிட் யோசனைகள் வேண்டாம். அவை அலுமினியப் பிஸ்டனை அரிக்கும், ரிங்கைத் தாண்டி வடிந்து கிராங்க்கேஸுக்குள்ளும் இறங்கும்.

சுழன்றுவிட்டது என்பதற்காக உடனே ஸ்டார்ட் செய்யாமல், ஹெட்டையும் சிலிண்டரையும் இறக்கிப் பாருங்கள். சிலிண்டரைத் தூக்கும்போதே கிராங்க்கேஸ் வாயில் சுத்தமான துணியைத் திணியுங்கள். பிஸ்டன் பின்னின் சர்க்கிளிப் உள்ளே விழுந்தால் பாதி நாள் போய்விடும். சுவரில் ஆரஞ்சுப் பொடிபோலப் படிந்த துரு என்றால் 400 நம்பர் எமரி ஷீட்டை ஆயிலில் நனைத்து, சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் இழுங்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய மெல்லிய கோடுகள் விழ வேண்டும். நேர்கோடாகத் தேய்த்தால் ஆயில் தங்காது.

அடுத்து, சோப்புப் பொடி கரைத்த சுடுதண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். பெட்ரோல் மட்டும் போதாது, எமரித் துகள் கோடுகளுக்குள் ஒட்டியே இருக்கும். வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பு ஒட்டாத வரை கழுவ வேண்டும். காய்ந்த கையோடு ஆயில் தடவுங்கள். வெறும் இரும்பு இந்த மழை ஈரத்தில் சில நிமிடங்களிலேயே மறுபடி பழுப்பேறும்.

இப்போது விரல் நகத்தைச் சுவர்மேல் ஓட்டுங்கள். துரு இருந்த இடம் கறையாக மட்டும் தெரிந்து நகம் வழுக்கிப் போனால் பழைய பிஸ்டனே போதும், ரிங்கும் கேஸ்கெட்டும் புதிதாகப் போடுங்கள். நகம் குழியில் மாட்டினால் வீட்டு வேலை அத்தோடு முடிந்தது, லேத் பட்டறைதான். பழைய வார்ப்பிரும்பு புல்லட் 350-இன் போர் 70 மில்லிமீட்டர். அதை 0.25, 0.50 எனப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். யமஹா ஆர்15 போல இரும்பு ஸ்லீவே இல்லாத அலுமினிய சிலிண்டரில் எமரியும் வேண்டாம், போரும் வேண்டாம், முழு சிலிண்டர் கிட்டை மாற்றுங்கள்.

பட்டறைக்குப் போகிறவர்கள் ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, சிலிண்டரோடு சேர்த்தே கொடுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்த பிறகுதான் போர் போட வேண்டும்.